ஓட்டைக்குள் நுழைந்தால் போதுமா? கேபிள் ஆபரேட்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கேபிள் ஆபரேட்டர் நண்பர்களுக்கு,



ஊரில் இன்டர்நெட் நின்றால் முதல் வசவு உங்களுக்குத்தான். ஒரு காலத்தில் சீரியல் பாதியில் போய்விட்டதே என்று திட்டினார்கள். இப்போது மளிகைக் கடையின் க்யூஆர் கோடு, பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு, சென்னைக் கம்பெனிக்குச் சொந்த ஊரிலிருந்தே வேலை பார்க்கும் பெண்ணின் மீட்டிங் எல்லாம் உங்கள் கண்ட்ரோல் ரூமிலிருந்து வீடுகளுக்கு ஃபைபரில் நெட்டை அனுப்பும் ஓஎல்டியை நம்பி இருக்கின்றன. கம்பத்துக்குக் கம்பம் கோஆக்ஸ் கேபிளை இழுத்துக் கட்டிய அதே கைகள்தான் இன்று ஃபைபரை ஸ்ப்ளைஸ் செய்கின்றன. வகுப்பில் உட்கார்ந்து படித்து வந்த தொழில் இல்லை இது. ஒருவரைப் பார்த்து ஒருவர் பழகியது.

அந்தப் பழக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் பணமும் நேரமும் விடாமல் வீணாவதைப் பார்க்கிறேன். ஓஎல்டியிலும் ஸ்விட்சிலும் ரௌட்டரிலும் நாம் செருகும் எஸ்எஃப்பி மாட்யூல்தான் அந்த இடம். அதைக் கையில் எடுத்ததும் உங்களில் பெரும்பாலானவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "இது நம்ம ஸ்விட்சுக்கு செட் ஆகுமா?" கேட்கும்போது மனதில் இருப்பது பிராண்ட். பிராண்ட் கடைசிக் கவலை என்பதைச் சொல்லத்தான் இந்த மடல். அலைநீளம், வேகம், பவர், நெறிமுறை என்று நான்கு விஷயங்கள் அதற்கு முன்னால் வரிசையில் நிற்கின்றன. அவற்றில் ஒன்று தவறினாலும் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மாட்யூலும் சும்மா கிடக்கும். நான்கும் சரியாக இருந்தால் பிராண்ட் தகராறைப் பெரும்பாலும் பேசித் தீர்த்துவிடலாம்.

முதலில் அந்த பிராண்ட் பயத்தை முடித்துவிடுவோம். எஸ்எஃப்பி எந்தக் கம்பெனிக்கும் தனிச்சொத்தான வடிவம் அல்ல. யார் செய்த மாட்யூலும் யாருடைய பெட்டியிலும் நுழைய வேண்டும் என்று உற்பத்தியாளர்கள் பலர் கூடிச் செய்துகொண்ட உடன்பாடு அது. 2001-இல் வெளியான ஐஎன்எஃப்-8074ஐ என்ற ஆவணத்தில் அதன் நீள அகலமும், பின்பக்கம் உள்ள 20 காண்டாக்ட்களும், உள்ளே இருக்கும் சிறிய மெமரி சிப்பில் எங்கே என்ன எழுத வேண்டும் என்பதும் இருக்கின்றன. 20 முதல் 35 வரையிலான பைட்களில் தயாரிப்பாளர் பெயர், 40 முதல் 55 வரை பார்ட் நம்பர், 68 முதல் 83 வரை சீரியல் நம்பர். மாட்யூலைச் செருகியதும் ஸ்விட்ச் இதைப் படிக்கிறது. சில கம்பெனிகளின் ஸ்விட்ச்கள் அந்தப் பெயர் தங்களுடையதாக இல்லாவிட்டால் போர்ட்டை மூடிவிடுகின்றன. கல்யாண மண்டப வாசலில் நின்றுகொண்டு "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டுவிட்டு உள்ளே விடுகிறவரைப் போன்ற சோதனைதான் அது. லேசர் நன்றாக இருக்கிறதா என்பதை அது பார்ப்பதில்லை.

இந்தப் பூட்டுக்குத் திறவுகோலும் உண்டு. சிஸ்கோ ஸ்விட்ச்கள் பலவற்றில் 'சர்வீஸ் அன்சப்போர்ட்டட்-ட்ரான்ஸீவர்' என்ற கமாண்டைக் கொடுத்தால் ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு வேறு பிராண்ட் மாட்யூலை ஏற்றுக்கொள்ளும். அதனால் கோளாறு வந்தால் கம்பெனி கைகொடுக்காமல் போகலாம், அதையும் கணக்கில் வையுங்கள். கமாண்டுக்கு மசியாத ஸ்விட்ச் என்றால், எந்த மாடலில் போடப்போகிறோம் என்று சொல்லியே வாங்கலாம். விற்பவர்கள் அதற்கேற்ப மெமரியில் எழுதித் தருகிறார்கள். 'கோடிங்' என்று கடையில் சொல்வது இதைத்தான்.

இன்னொரு தவறான நம்பிக்கை இதைவிட அதிகச் செலவு வைக்கிறது. இரண்டு முனையிலும் ஒரே பிராண்ட் மாட்யூல் இருக்க வேண்டும் என்பதுதான் அது. மெமரியில் எழுதியிருப்பதை அந்த மாட்யூல் செருகியிருக்கும் பெட்டி மட்டுமே படிக்கும். ஃபைபர் வழியாக அடுத்த ஊருக்குப் போவது வெறும் ஒளி. அந்த ஒளியில் கம்பெனி பெயர் கிடையாது. இங்கே ஒரு பிராண்ட், அங்கே ஒரு பிராண்ட் என்று தாராளமாகப் போடலாம். மற்ற நான்கும் பொருந்தியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி அந்த நான்குக்கு வருவோம். முதலாவது அலைநீளம். உங்களில் பலருக்குக் கண்ட்ரோல் ரூமிலிருந்து பக்கத்துக் கிராமத்து ஓஎல்டிக்கு ஒரே ஒரு கோர்தான் கிடைத்திருக்கும். அதில் போக்கும் வரத்தும் நடக்க பைடி மாட்யூல் போடுகிறீர்கள். ஒரு பக்கம் ஓர் அலைநீளத்தில் அனுப்பி இன்னொன்றில் வாங்கும், எதிர்ப்பக்கம் தலைகீழ். ஆகவே இது எப்போதும் ஜோடியாகத்தான் வாங்க வேண்டிய பொருள். சிக்கல் என்னவென்றால் 1ஜி பைடியில் ஜோடி ஒரு வகை மட்டும் இல்லை. 2004-இல் வந்த ஐஇஇஇ தரம் 10 கிலோமீட்டருக்கு 1310 நேனோமீட்டருக்கும் 1490-க்கும் ஜோடி போட்டது. சந்தையில் 1310-க்கும் 1550-க்குமான ஜோடியும் அதே அளவு புழங்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

நடப்பதைக் கிட்டத்தில் பாருங்கள். கண்ட்ரோல் ரூமில் இருப்பது 1310-இல் அனுப்பி 1550-இல் வாங்கும் மாட்யூல். கிராமத்து முனையில் இருந்தது ஒரு மழை நாளில் போய்விட்டது. அவசரத்துக்கு அலமாரியில் கிடந்த இன்னொன்றை லைன்மேன் எடுத்துப் போய்ச் செருகுகிறார். அது 1490-இல் அனுப்பி 1310-இல் வாங்கும் வகை. கிராமத்தில் ரிசீவ் பவர் மைனஸ் 9 டிபிஎம் என்று அழகாகக் காட்டுகிறது, ஏனென்றால் 1310 ஒளி அங்கே ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது. கண்ட்ரோல் ரூமிலோ மைனஸ் 40, அதாவது இருட்டு. வந்த 1490 ஒளியை உள்ளே இருக்கும் ஃபில்டர் வடிகட்டிவிட்டது. ஆட்டோ நெகோஷியேஷன் அணைத்திருந்தால் கிராமத்தில் லிங்க் விளக்கு பச்சையாகவே எரியும், இங்கே எரியாது. ஒரு பக்கம் வருகிறது, மறுபக்கம் வரவில்லை என்றதும் சந்தேகம் ஃபைபர் மேல் விழுகிறது. ஜாயின்ட் பெட்டிகளைத் திறந்து, நன்றாக இருக்கும் ஸ்ப்ளைஸை வெட்டி மறுபடி ஒட்டி, ராத்திரி போய்விடும். லேபிளில் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் என்ற இரண்டு எண்களைப் படித்திருந்தால் கம்பத்தில் ஏறியே இருக்க வேண்டாம்.

கைப்பிடி வளையத்தின் நிறத்தை நம்பாதீர்கள். 1310-க்கு நீலம், 1550-க்கு மஞ்சள், 1490-க்கு ஊதா என்று பலர் பின்பற்றுகிறார்கள், எல்லோரும் பின்பற்றுவதில்லை. 10ஜி பைடிக்குப் போனால் பரவலாகக் கிடைப்பது 1270, 1330 என்ற ஜோடி. அது மேலே சொன்ன எதனோடும் சேராது.

டிவியும் அதே கோரில் ஓடினால் இன்னும் கவனம் வேண்டும். ஈடிஎஃப்ஏ என்ற ஒளி பெருக்கியிலிருந்து வரும் கேபிள் டிவி சிக்னல் 1550-இல் போகிறது. அந்தக் கோரிலேயே 1550 பைடியையும் ஓட்ட நினைத்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். டிவி போகும் பாதையில் 1550-ஐ டிவிக்கே விட்டுவிடுங்கள்.

அலைநீளத்தோடு ஃபைபர் வகையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நாம் ஊரில் இழுத்திருப்பது சிங்கிள்மோட், கோரின் விட்டம் சுமார் 9 மைக்ரான். டேட்டா சென்டரில் கழற்றிய பழைய 10ஜி மாட்யூல் மலிவாகக் கிடைத்தால் அது எஸ்ஆர் வகையா என்று பாருங்கள். எஸ்ஆர் என்றால் 850 நேனோமீட்டர், 50 மைக்ரான் கோர் உள்ள மல்டிமோட் ஃபைபருக்கானது, ஓஎம்3 ஃபைபரில் 300 மீட்டர்தான் அதன் எல்லை. நமக்கு வேண்டியது எல்ஆர்: 1310 நேனோமீட்டர், 10 கிலோமீட்டர். எஸ்ஆரும் எல்ஆரும் எதிரெதிர் முனையில் இருந்தால் எந்த கமாண்டும் காப்பாற்றாது.

இரண்டாவது வேகம். எஸ்எஃப்பியும் எஸ்எஃப்பி பிளஸ்ஸும் ஒரே அளவு, ஒரே ஓட்டை. 1ஜி மாட்யூலை 10ஜி போர்ட்டில் செருகினால் பல பெட்டிகளில் 1ஜியாக வேலை செய்யும், சிலவற்றில் வேகத்தைக் கையால் மாற்றி வைக்க வேண்டும். 10ஜி மாட்யூலை 1ஜி போர்ட்டில் செருகினால் பொதுவாக வேலை செய்யாது. இந்த முனையில் 10ஜி, அந்த முனையில் 1ஜி என்று இருந்தால் செம்புக் கேபிளில் பார்த்ததுபோல ஒன்று இறங்கி வந்து சமரசம் செய்துகொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள். 10ஜி ஒளி மாட்யூல்களுக்கிடையே அந்தப் பேச்சுவார்த்தையே கிடையாது. பவர் மீட்டர் நல்ல அளவு காட்டும், லிங்க் மட்டும் வராது. ஒளி இருந்தும் லிங்க் இல்லையென்றால் முதலில் வேகத்தையும், 1ஜியாக இருந்தால் ஆட்டோ நெகோஷியேஷனையும் இரண்டு முனையிலும் ஒப்பிடுங்கள்.

அப்லிங்கை 100ஜிக்கு உயர்த்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிடபிள்யூடிஎம்4, எல்ஆர்4 இரண்டும் சிங்கிள்மோட், இரண்டும் எல்சி டூப்ளெக்ஸ், பேட்ச் கார்டும் ஒன்றே. ஆனால் முதலாவது 1271-இல் தொடங்கி 20 நேனோமீட்டர் இடைவெளியில் நான்கு நிறங்களை அனுப்புகிறது. இரண்டாவது 1295-க்கும் 1310-க்கும் இடையில் நான்கையும் நெருக்கி வைக்கிறது. ஒன்றோடொன்று சேராது. மேலே இணைப்புத் தருகிறவரிடம் எந்த வகை என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு ஆர்டர் போடுங்கள்.

மூன்றாவது பவர். "80 கிலோமீட்டர் மாட்யூல் வாங்கினால் 5 கிலோமீட்டருக்குச் சும்மா ஓடும்" என்று ஒரு பேச்சு உண்டு. ஓடாது, ரிசீவர் கெட்டுப்போகவும் கூடும். 10ஜியில் 80 கிலோமீட்டருக்கான இசட்ஆர் மாட்யூல் வழக்கமாக 0 முதல் பிளஸ் 4 டிபிஎம் வரை அனுப்பும். அதே வகை ரிசீவர் தாங்கும் உச்சம் மைனஸ் 7 அளவில்தான். 1550-இல் நல்ல ஃபைபர் ஒரு கிலோமீட்டருக்கு 0.25 டிபிக்கு மேல் குறைக்காது. 5 கிலோமீட்டரில் குறைவது ஒன்றேகால் டிபி. மீதி வெளிச்சம் முழுதும் ரிசீவரின் மேல் விழுகிறது. கையில் அந்த மாட்யூல்தான் இருக்கிறது என்றால் நடுவில் அட்டெனுவேட்டர் போட்டு, அளந்து பார்த்துவிட்டுச் செருகுங்கள். எல்ஆர் மாட்யூலுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது பிளஸ் 0.5 முதல் மைனஸ் 14.4 வரை வாங்கிக்கொள்ளும், பக்கத்துப் பக்கத்தில் வைத்தாலும் தாங்கும்.

இதே தவறு ஓஎல்டி மேசையிலும் நடக்கிறது. வீட்டில் வைக்கும் புது ஓஎன்யூ பெட்டி வந்ததும் ஓஎல்டியின் பான் போர்ட்டிலிருந்து ஒரு பேட்ச் கார்டை நேராகச் செருகி "வருதா பார்" என்று சோதிக்கிறார்கள். ஜிபானில் பி பிளஸ் வகை மாட்யூல் 13 முதல் 28 டிபி வரை இழப்புள்ள பாதைக்கும், சி பிளஸ் வகை 17 முதல் 32 டிபி வரையிலான பாதைக்கும் வடிவமைத்தவை. சி பிளஸ் மாட்யூல் பிளஸ் 7 வரை அனுப்பலாம், பி பிளஸ் ஓஎன்யூ தாங்குவது மைனஸ் 8. இடையில் 1:32 ஸ்ப்ளிட்டர் ஒன்றைப் போட்டால் 17 டிபி குறையும், ஓஎன்யூ பிழைக்கும். மேசைச் சோதனைக்கென்றே பழைய ஸ்ப்ளிட்டர் ஒன்றை ஒதுக்கி வையுங்கள்.

கணக்கு மறுபக்கமும் உண்டு. 1:8 ஸ்ப்ளிட்டருக்குப் பின் இன்னொரு 1:8 போட்டால் இழப்பு 21 டிபி அளவு. 10 கிலோமீட்டர் ஃபைபர் 1310-இல் மூன்றரை டிபி. கனெக்டர், ஸ்ப்ளைஸ் எல்லாம் சேர்த்து ஒன்றரை. ஆக 26. பி பிளஸ்ஸில் உங்களுக்கு மிச்சம் 2 டிபிதான். இதில் நீல முனையை, அதாவது யூபிசியை, 8 டிகிரி சாய்வாகத் தீட்டிய பச்சை ஏபிசி முனையோடு அடாப்டரில் திணித்தால் அந்த மிச்சமும் போய்விடும், முகப்பும் கீறல் விழுந்து கெடும். ஓஎல்டி மாட்யூல் பெரும்பாலும் நீலம், டிவி போகும் பாதை பச்சை. ஒரு முனை நீலம், மறுமுனை பச்சை என்ற பேட்ச் கார்டு கடையில் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். ஈடிஎஃப்ஏவின் வெளியீட்டை மட்டும் தவறிக்கூட எந்த எஸ்எஃப்பியிலும் செருகாதீர்கள், கண்ணெதிரேயும் பிடிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளிக்குக் கண்ணைக் கெடுக்கும் பலம் உண்டு.

நான்காவது நெறிமுறை. உங்களுக்கு அதிகக் கம்ப்ளைன்ட் வரும் இடமும் இதுதான். ஈபானும் ஜிபானும் கீழே 1490, மேலே 1310 என்று ஒரே அலைநீளங்களில் ஓடுகின்றன. அதனால்தான் ஏமாந்துபோகிறோம். ஈபான் ஐஇஇஇ தரம், இரு திசையிலும் 1.25 ஜிகாபிட். ஜிபான் ஐடியூ-டியின் ஜி.984 தரம், கீழே 2.488, மேலே 1.244. ஜிபான் லைனில் ஈபான் ஓஎன்யூவை மாட்டினால் ஒளி வருவதால் சிவப்பு எல்ஓஎஸ் விளக்கு அணைந்துவிடும். பான் விளக்கு மட்டும் விடாமல் மினுக்கிக்கொண்டே இருக்கும். பவர் மீட்டர் மைனஸ் 19 காட்டும். லைனில் ஒரு குறையும் இல்லை, பெட்டி வேறு பாஷை பேசுகிறது. எக்ஸ்பான் என்று விற்கும் ஓஎன்யூக்கள் இரண்டையும் கண்டுகொள்ளும், ஊரில் இரண்டு வகை ஓஎல்டியும் வைத்திருப்பவர்களுக்கு அவைதான் வசதி. ஓஎல்டி பக்கம் இந்தச் சலுகை கிடையாது. ஈபான் ஓஎல்டி மாட்யூலை ஜிபான் ஓஎல்டியில் செருகினால் உள்ளே நுழையும், வேலை செய்யாது.

ஜிபானுக்குள்ளேயே இன்னொரு படி உண்டு. வேறு கம்பெனி ஓஎன்யூ பதிவாகி பான் விளக்கு நிலையாக எரியும், ஆனால் நெட் வராது. ஓஎல்டி ஓஎன்யூவுக்கு விலான் முதலான அமைப்புகளைச் சொல்லி அனுப்பும் ஓஎம்சிஐ மொழிக்குப் பொதுத் தரம் இருக்கிறது. கம்பெனிகள் அதில் தங்கள் சொந்தச் சேர்க்கைகளையும் வைத்திருக்கின்றன. நூறு ஓஎன்யூ ஆர்டர் போடுவதற்கு முன் ஒன்றை வாங்கி, இன்டர்நெட், வைஃபை, டிவி என்று எல்லாவற்றையும் உங்கள் ஓஎல்டியில் ஓட்டிப் பாருங்கள். எக்ஸ்ஜிஎஸ்-பானுக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அதன் கீழ்வரத்து 1577. பழைய ஜிபானும் புதியதும் ஒரே ஃபைபரில் கூடி வாழ முடியும். ஆனால் நடுவில் இருக்கும் உங்கள் டபிள்யூடிஎம் பெட்டி 1577-ஐ உள்ளே விடுமா என்று அதன் விவரத்தாளில் முதலில் பாருங்கள்.

இவ்வளவும் மனப்பாடம் செய்ய வேண்டிய விஷயம் இல்லை. மூன்று பழக்கம் போதும்.

ஒன்று, பில். 'எஸ்எஃப்பி 2 எண்ணம்' என்று எழுதிய பில்லை வாங்காதீர்கள். வேகம், டிஎக்ஸ் மற்றும் ஆர்எக்ஸ் அலைநீளம், கிலோமீட்டர், கனெக்டர், பான் என்றால் அதன் வகை, கோடிங் செய்தது என்றால் எந்த மாடலுக்கு என்பதெல்லாம் பில்லில் இருக்கட்டும். மாற்றித் தரச் சொல்லி நாளைக்கு நிற்கும்போது கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.

இரண்டு, கண்ட்ரோல் ரூம் நோட்டு. டிடிஎம் வசதி உள்ள மாட்யூல் தன் வெப்பநிலையையும், அனுப்பும் பவரையும், வாங்கும் பவரையும் தானே சொல்லும். லிங்க் போட்ட அன்றைக்கே இரண்டு முனை அளவுகளையும் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து 4 டிபி குறைந்திருந்தால் லைனில் எங்கோ வளைவோ அழுக்கோ சேர்ந்திருக்கிறது என்று லிங்க் அறுந்துபோவதற்கு முன்பே தெரியும். வெப்பநிலையையும் விடாதீர்கள். சாதாரண மாட்யூலின் எல்லை 70 டிகிரி. வெளியே 40 அடிக்கும் மே மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழே ஃபேன் நின்றுபோன பெட்டிக்குள் அந்த எல்லை தூரத்தில் இல்லை.

மூன்று, கூட்டு இருப்பு. பெரிய கம்பெனிக்கு மாவட்டத்துக்கு ஒரு ஸ்டோர் இருக்கும். தனி ஆள் ஒவ்வொரு வகையிலும் உபரி ஜோடி வாங்கி வைப்பது கட்டுப்படியாகாது. ஒரு தாலுகாவில் உள்ள ஆபரேட்டர்கள் சேர்ந்து, புழக்கத்தில் உள்ள வகைகளில் ஆளுக்கொன்றாகப் பிரித்து வாங்கி, யாரிடம் எது இருக்கிறது என்ற பட்டியலை எல்லோரும் வைத்துக்கொள்ளலாம். சங்கக் கூட்டங்களில் கட்டணம், பங்குத்தொகை என்று பேசும் நேரத்தில் கால் மணி நேரத்தை இதற்கும் ஒதுக்குங்கள். பைடி ஜோடி எந்த வகை என்பதை ஒரு தாலுகா முழுதும் ஒரே மாதிரி முடிவு செய்துவிட்டால், அவசரத்துக்கு இரவல் வாங்கும் மாட்யூல் உங்கள் லிங்கிலும் உறுதியாக எரியும்.

அடுத்த முறை கடைக்காரர் "எல்லாத்துக்கும் செட் ஆகும் சார், தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றால், எந்த பிராண்ட் என்று கேட்காதீர்கள். "எத்தனை நேனோமீட்டர், எத்தனை ஜி, எத்தனை கிலோமீட்டர்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் என்ன விலைக்குக் கொடுத்தாலும் அது உங்களுக்கு நஷ்டம்தான்.

அன்புடன்,
உங்கள் கண்ட்ரோல் ரூம்களில் வேலை பார்க்கும் ஒரு நெட்வொர்க் டெக்னீஷியன்